பின்கதவு உள்ள வீடு

அந்தப் பஸ்ஸைப் பாக்கியராசாவுக்குக் காட்டியவன் நான். அதை வாங்கச் சொன்னவனும் நான். பிறகு அதன் பின்கதவை அடைத்துவிடச் சொன்னவனும் நான்தான். முதல் இரண்டையும் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு நான் கனடாவில், ஸ்கார்பரோவில் ஒரு பள்ளிக்கூட பஸ் யார்ட்டில் மெக்கானிக்காக இருந்தேன். நூறுக்கு மேற்பட்ட மஞ்சள் பஸ்கள் வரிசையாக நிற்கும். குளிர் காலத்தில் விடியமுன்னரே போய் ஒவ்வொன்றாக ஸ்ரார்ட் பண்ணிச் சூடாக்க வேண்டும். எஞ்சின் இரையத் தொடங்கியதும் பாக்கியராசா விளக்குமாறும் வாளியுமாக ஏறுவான். பிள்ளைகள் சிந்திய சிப்ஸ், தோடம்பழத் தோல், சீற்றுக்கு அடியில் ஒட்டிய சுவிங்கம் எல்லாவற்றையும் சுரண்டித் துடைப்பது அவன் வேலை. திருகோணமலைப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவன். ஊரில் தச்சன், தேவைப்பட்டால் கல்லும் கட்டுவான். எண்பத்துநாலில் தனியாக வந்து, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் எடுப்பிக்கக் காகிதம் போட்டிருந்தான்.

எண்பத்தாறு வைகாசியில் அவர்களைக் கூட்டிவர நானும் என் காரில் விமான நிலையம் போனேன். மூன்று பேருக்குப் போட்ட காகிதத்தில் ஒரு பெயரைக் கறுப்பு மையால் வெட்டியிருந்தது. தங்கேஸ்வரியும் நாலு வயது வதனாவும் வந்தார்கள். மகன் சுகிர்தன் வரவில்லை. அதற்கு முந்தின வருசம் ஆவணியில் அவர்களுடைய ஊருக்குள் புகுந்து வீடுகளைக் கொளுத்தினார்கள். காய்ச்சலோடு உள்ளறையில் படுத்திருந்தவன் வெளியே வரவில்லை. எட்டு வயது. கடிதத்தில் வந்த செய்தியைப் பாக்கியராசா யார்ட்டில் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். அன்றைக்கும் அவன் முப்பது பஸ் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

விமான நிலையத்தில் புருசனும் பெண்சாதியும் அழுதுவிடுவார்கள், நான் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் அழவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டிட்டியளோ?"

டோர்செட் பார்க் என்ற பகுதியில் எட்டாம் மாடியில் ஒரு அபார்ட்மென்ற் எடுத்திருந்தான். ஒரு படுக்கையறை, குசினி, ஒரு கதவு. அந்த ஒற்றைக் கதவுதான் பிரச்சினையாகிப் போனது. பாக்கியராசா வேலைக்குப் போனதும் தங்கேஸ்வரி பிள்ளையையும் பாயையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் கொரிடோரில் உட்கார்ந்துவிடுவாள். அங்கேயே வெங்காயம் உரிப்பாள், அங்கேயே பிள்ளைக்குத் தலை வாரி இழுப்பாள். கட்டடத்தைப் பார்க்கிற மனிதர் ஆங்கிலத்தில் சத்தம் போடுவார். இவள் எழுந்து உள்ளே போவாள். அவர் தலை மறைந்ததும் திரும்ப வருவாள்.

டொக்ரர் குளிசை கொடுத்தார். அதைப் போட்டால் பகல் முழுக்க நித்திரை. ஒருநாள் அவள் அப்படிக் கிடக்க, பிள்ளை அடுப்பைத் திருகிவிட்டு முன்னால் கதிரை போட்டு ஏறி நின்றிருக்கிறாள். கண் விழித்தவள் குளிசை முழுவதையும் கக்கூசுக்குள் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டாள். மோர்னிங்சைட்டில் சொந்தக்காரர் ஒருவரின் பேஸ்மென்றில் இருந்து பார்த்தார்கள். பூமிக்குக் கீழே, ஒரேயொரு ஏணிப்படி. மூன்றாம் நாள் பனியில் வெறுங்காலோடு நின்றாள். திரும்ப அபார்ட்மென்ற். அடுத்த சித்திரையில், கொரிடோரைப் புழங்கும் குடும்பம் ஆனி முடிவுக்குள் வெளியேற வேண்டும் என்று கடிதம் வந்தது.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, அவர்களை விட்டுவர இடமில்லாமல் இரண்டு பேரையும் பாக்கியராசா யார்ட்டுக்குக் கூட்டிவந்தான். நான் மூலையில் நின்ற பழைய பஸ் ஒன்றுக்குள் இருந்தேன். அடித்தகடு கறள் பிடித்து அரித்துப்போய், இனிப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்று ஒதுக்கின பஸ். எஞ்சின் மட்டும் நல்லது. தங்கேஸ்வரி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினாள். நடுவழியால் கடைசி வரைக்கும் நடந்து போய் நின்றாள்.

"சச்சி அண்ணை, உது என்ன கதவு?"

"உது அவசரத்துக்கு. ஏதும் நடந்தா பிள்ளையள் குதிச்சு ஓடுறதுக்கு."

"உள்ளுக்கிருந்து திறக்கலாமோ?"

"அந்தப் பிடியைத் தூக்கும். ஆர் தூக்கினாலும் திறக்கும். சின்னப் பிள்ளைக்கும் ஏலும்."

தூக்கினாள். கதவு திறந்தது, கூடவே மணி பீ என்று அலறியது. பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மணி அலறுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மூடினாள். திரும்பத் திறந்தாள்.

"இந்த யன்னலுகள்?"

"உதில நாலு யன்னல் தள்ளினா வெளியில திறக்கும். கூரையிலயும் ஒண்டு இருக்கு, மேல பாரும்."

அவள் ஒவ்வொன்றாக விரலை மடித்தாள். "முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு, யன்னல் நாலு, கூரை ஒண்டு. ஏழு," என்றாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிச் சீற்றில் உட்கார்ந்தாள். நான் சாவியெடுத்து வரப் போய்த் திரும்பியபோது இரண்டு பேரும் நித்திரை.

பாக்கியராசா வாளியோடு வந்து பார்த்தான். எழுப்பவில்லை. யன்னலால் வெயில் விழுந்த பக்கம் போய்த் தன் ஜக்கெற்றைத் தொங்கவிட்டு மறைத்தான். நாலு மணித்தியாலம் அவள் நித்திரை கொண்டாள். வேலை முடிந்து நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு வெளியே குந்தியிருந்தோம்.

"அண்ணை, இவ வந்து ஒரு வருசம். பகலோ இரவோ, தானா இப்பிடிக் கண்மூடி நான் காணேல்லை," என்றான்.

"இந்தப் பஸ்ஸைப் பழைய இரும்புக்குத்தான் குடுக்கப் போறாங்கள்," என்றேன். "கேட்டா எங்களுக்குத் தருவாங்கள். வாங்கு. சீற்றைக் கழட்டிப்போட்டு நாலு பலகை அடிச்சா வீடுதானே?"

விளையாட்டுப் பாதி, நிசம் பாதியாகச் சொன்னேன். அவன் விளையாட்டாக எடுக்கவில்லை. எழுந்து, பஸ்ஸின் நீளத்தைக் காலடியால் அளக்கத் தொடங்கினான்.

என் மனைவி இராஜேஸ்வரி கேள்விப்பட்டுக் குதித்தாள். "உங்களுக்கு விசரோ? ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் பஸ்ஸுக்குள்ள வைக்கிறதோ? நாளைக்குச் சனம் என்ன கதைக்கும்? கக்கூசுக்கு எங்க போவினம்?"

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது. யூனியன்வில்லுக்கு வடக்கே பேப்பே என்று ஒரு இத்தாலியக் கிழவர் மரக்கறித் தோட்டம் வைத்திருந்தார். டோர்செட் பார்க்கிலிருந்து எங்கள் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வானில் அங்கே போய் நாற்று நடுவார்கள், புல்லுப் பிடுங்குவார்கள். தங்கேஸ்வரியும் அந்த வருசம் போகத் தொடங்கியிருந்தாள். தோட்டத்துக் கொட்டிலில் தண்ணீரும் மின்சாரமும் கக்கூசும் இருந்தன. பேப்பேக்கு ஆங்கிலம் எங்களைவிட மோசம். பாக்கியராசா கையால் பஸ்ஸையும், பிள்ளையையும், நித்திரையையும் காட்டினான். கிழவர் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு மேட்டைக் காட்டினார். மழைத்தண்ணி நிற்காத இடம்.

ஆனி மாதம் முழுக்க வேலை. சீற்றுகளைக் கழற்றுவதுதான் சீவன் போகிற வேலை. ஒவ்வொரு காலும் தரையை ஊடுருவிய போல்ற்றில் நிற்கும். கறள் இறுகிப் போயிருக்கும். மேலே ஒருவர் சுற்ற, பஸ்ஸுக்கு அடியில் ஒருவர் மல்லாந்து படுத்து நட்டைப் பிடிக்க வேண்டும். பாக்கியராசா பலகை எடுக்கப் போயிருந்த நேரம் தங்கேஸ்வரி ஸ்பானரை வாங்கிக்கொண்டு அடியில் புகுந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நல்ல வெக்கை. தோட்டத்துப் பக்கமிருந்து வெங்காய வாசம் வந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு போல்ற் கழன்றிருக்கும். ஒரு ஓட்டைக்குள்ளால் அவள் குரல் வந்தது.

"அண்ணை, கேக்குதோ?"

"கேக்குது. இறுக்கிப் பிடியும்."

"எங்கட வீட்டுக்கு ஒரு வாசல்தான் அண்ணை."

நான் சுற்றுவதை நிறுத்தினேன்.

"கல்லு வீடுதான், கிடுகுக் கூரை. இவர்தான் கட்டினவர், தன்ர கையால. பின்னுக்கும் ஒரு வாசல் வையுங்கோ, குசினியால வெளியில போக லேசு எண்டு கேட்டனான். மரம் வாங்க வேணும், பிறகு பாப்பம் எண்டவர். பிறகு இஞ்ச வந்திட்டார். அண்டைக்கு, என்ன சத்தம் எண்டு பாக்க இவளைத் தூக்கிக்கொண்டு முத்தத்துக்கு வந்தனான். அவனுக்குக் காய்ச்சல், படுத்திருந்தவன். திரும்பிப் பாத்தா வாசலுக்குக் கிட்டப் போக ஏலாது. வீட்டைச் சுத்திச் சுத்தி ஓடினன். சுவர்தான் அண்ணை. எல்லாப் பக்கமும் சுவர். அவன் கூப்பிட்டது கேட்டது."

தரையில் முழங்காலில் நின்ற எனக்கு அவள் முகம் தெரியாது. ஓட்டைக்குள்ளால் அவள் நெற்றியில் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது.

"இவருக்குச் சொல்லாதேங்கோ. அவருக்கு வாசல் நினைவிருக்கு. தன்ர கையால கட்டினதெல்லோ. நான் அதை நினைக்கேல்லை எண்டு அவர் நினைச்சுக்கொண்டிருக்கட்டும்."

பிறகு, "சுத்துங்கோ அண்ணை, பிடிச்சிருக்கிறன்," என்றாள்.

மஞ்சள் நிறத்தோடு வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். கடையில் பிழையாகக் கலந்து ஒதுக்கியிருந்த பச்சைப் பெயின்ற் கிடைத்தது. வாழை இலையின் பின்பக்கம் மாதிரி ஒரு வெளிறின பச்சை. இராஜேஸ்வரியும் வந்து, திட்டிக்கொண்டே ஒரு பக்கம் முழுவதையும் பூசினாள். முன்பக்கம் குசினி, நடுவில் மடிக்கிற மேசை, பின்பக்கம் தட்டுத்தட்டாகப் படுக்கை. பாக்கியராசா மூன்று படுக்கைக்குப் பலகை அறுத்திருந்தான். வதனா வந்து எண்ணிப் பார்த்தாள்.

"அப்பா, அண்ணாக்கு?"

சுகிர்தன் இந்தியாவில் மாமாவோடு இருந்து படிக்கிறான் என்றுதான் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பாக்கியராசா தங்கேஸ்வரியைப் பார்த்தான். அவள் பெயின்ற் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவன் போய் நாலாவது பலகையை எடுத்தான். அதைச் சீவின மாதிரி மற்ற மூன்றையும் அவன் சீவவில்லை.

இராஜேஸ்வரி பொறுக்க மாட்டாமல் அவளைத் தனியே கேட்டாள். "எவ்வளவு நாளைக்குத் தங்கம் பிள்ளைக்குப் பொய் சொல்லுவீர்? அந்தியேட்டிக் கிரியையும் செய்யேல்லை எண்டு இவர் சொல்லுறார்."

"சொன்னா அவன் இல்லையெண்டு ஆகியிடும் அக்கா," என்றாள் தங்கேஸ்வரி.

அந்தக் கோடை நல்ல கோடை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். காலையில் தங்கேஸ்வரி பஸ்ஸிலிருந்து இறங்கினால் வேலைக்களம். பகல் முழுக்கத் தக்காளி பிடுங்குவாள். பின்னேரம் கருவாட்டுக் குழம்பும் றொட்டியும் வைத்து எங்களை வரச் சொல்லி ஆள் விடுவாள். பேப்பே கொச்சி மிளகாய் தின்னப் பழகி, மூக்கைச் சிந்திக்கொண்டே இன்னொரு றொட்டி கேட்பார். ஒருமுறை கிழவர் தக்காளிக் கூடையோடு வழுக்கி வாய்க்காலில் இருந்துவிட்டார். தங்கேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாக்கியராசா அவளைப் பார்த்தபடி கையிலிருந்த கோப்பையைச் சரித்து, தேத்தண்ணி முழுவதையும் காலில் ஊற்றிக்கொண்டான். புரட்டாசியில் வதனாவை ஏற்ற ஒரு மஞ்சள் பஸ் ஒழுங்கை முகப்புக்கு வரத் தொடங்கியது. பச்சை பஸ்ஸிலிருந்து இறங்கி மஞ்சள் பஸ்ஸில் ஏறிப் போவாள்.

பொழுதுபடுகிற நேரத்தில் தங்கேஸ்வரி ஒன்று செய்வாள். பின்கதவின் பிடியைத் தூக்கித் திறப்பாள். மணி அலறும். மூடுவாள். அதற்குப் பிறகுதான் விளக்குப் போடுவாள். மணி எஞ்சின் ஓடாத நேரமும் அலறுகிற மாதிரி நான்தான் பற்றரியோடு தொடுத்துக் கொடுத்திருந்தேன்.

கார்த்திகையில் காற்றுத் திரும்பியது. பஸ் என்பது தகரம். குளிரில் இன்னும் தகரம். விறகு அடுப்பு ஒன்று பூட்டினோம், சுவருக்குப் பஞ்சு வைத்தோம், யன்னலுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டினோம். பின்கதவுதான் கேட்கவில்லை. அதன் றப்பர் உக்கிப்போய் இருந்தது. புது றப்பர் எங்கேயும் கிடைக்கவில்லை. விடிய எழும்பினால் வதனாவின் போர்வையில் மாவரித்த மாதிரிப் பனி படிந்திருக்கும். படுக்கையை முன்னுக்கு மாற்றினார்கள். ஆனாலும் இருமல் தொடங்கிவிட்டது. டொக்ரர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, குளிர் படக் கூடாது, நுரையீரல் பலவீனம் என்றார்.

யார்ட்டில் பாக்கியராசா வேலை செய்ய மாட்டாமல் பஸ் சில்லில் சாய்ந்து நின்றான்.

"பின்கதவை அடைச்சுவிடு," என்றேன். "உள்ளுக்குப் பஞ்சு வைச்சு, மேல பிளைவுட் போட்டுத் திருகாணி முறுக்கு. சித்திரையில கழட்டலாம்."

"ஏலாதண்ணை. அவவுக்குத் தெரியாதோ?"

"திரைச்சீலை ஒண்டு தொங்கவிடு. ஐஸ் பிடிச்சு இறுகிப்போச்சு எண்டு சொல்லு."

"ஏலாதண்ணை."

அப்போது நான் சொன்னதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. "உயிரோட இருக்கிற பிள்ளையை முதல் பார் பாக்கியம்," என்றேன்.

அவன் வாளியை எடுத்துக்கொண்டு போனான். அந்த வெள்ளிக்கிழமை, தங்கேஸ்வரி கொட்டிலில் கரட் தெரிந்து பிரித்துக்கொண்டிருந்த நேரம், பிடி மட்டும் வெளியே தெரிய விட்டுக் கதவை அடைத்து, திரைச்சீலை தொங்கவிட்டான்.

வெள்ளி பின்னேரம் பிடி அசையவில்லை. ஐஸ் என்றான். நம்பினாள். சனிக்கிழமை மத்தியானம் அவள் கேத்திலில் தண்ணி கொதிக்க வைத்து, ஐஸை உருக்கவென்று வெளிப்பக்கத்தால் போனாள். போய்ப் பார்த்தால் ஐஸ் இல்லை. கதவுத் தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒன்பது திருகாணி முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

பேப்பே வீட்டிலிருந்து பாக்கியராசா போன் எடுத்தான். "வாங்கோ அண்ணை," என்று மட்டும் சொன்னான். நான் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. கோவாப் பயிர் வெட்டி முடிந்த வெறும் வயலுக்கு நடுவில், முழங்கால் பனியில் தங்கேஸ்வரி நின்றாள். வதனாவைச் சால்வையால் சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். கிட்டப் போனால் இன்னும் தூரப் போகிறாள் என்று பாக்கியராசா வரம்பிலேயே நின்றான். திருகாணிகளை அதற்குள் கழற்றிவிட்டான். அவசரத்தில் கிழிந்த உள்ளங்கையிலிருந்து பனியில் இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"தங்கம், கழட்டிப்போட்டன். வாரும். பிள்ளை குளிரில நிக்குது."

அவள் அங்கேயிருந்து சொன்னாள். சத்தம் போடவில்லை, ஆனால் திறந்த வயலில் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"அங்கயும் நீங்கள்தான் கட்டினீங்கள். இஞ்சயும் நீங்கள்தான் அடைச்சீங்கள்."

"தெரியும்," என்றான் பாக்கியராசா.

அந்த ஒரு சொல்தான். இரண்டு வருசமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்திருந்தது அந்தச் சொல்லில் வெளியே வந்துவிட்டது. அவன் முழங்காலில் இருந்துவிட்டான்.

"நான்தான் தங்கம் சொன்னனான். அவன் மாட்டன் எண்டவன்," என்று நான் கத்தினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு நான் எல்லாத்தையும் சொன்னனான் அண்ணை," என்றாள்.

அவளை உள்ளே கொண்டுவந்தவர் பேப்பே. நேரே வயலுக்குள் போய், பிள்ளையை வாங்கித் தன் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் பூட்டிக்கொண்டு நடந்தார். அவள் பின்னால் வந்தாள்.

திங்கட்கிழமை வதனாவுக்கு நிமோனியா. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. தங்கேஸ்வரி கட்டில் பக்கத்தை விட்டு அசையவில்லை. அறைக் கதவு திறந்தே கிடந்ததால் அவளுக்கு அது பிரச்சினையில்லை. பிள்ளையை வெளியே விடுகிற நேரம் பிள்ளைகள் நலன் பார்க்கிற ஒரு அலுவலர் அம்மா வந்தாள். நல்ல மனுசி, சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது. சூடான வீட்டுக்குத்தான் இந்தப் பிள்ளை போகலாம், பஸ்ஸுக்குப் போனால் நாங்கள் பிள்ளையைப் பொறுப்பெடுக்க வேண்டிவரும் என்றாள். நான்தான் மொழிபெயர்த்தேன்.

டோர்செட் பார்க்கிலேயே வேறொரு கட்டடத்தில் ஐந்தாம் மாடி கிடைத்தது. நிலமட்டத்தில் எவ்வளவோ தேடினோம், அகப்படவில்லை.

"நீங்கள் பிள்ளையைக் கொண்டு போங்கோ. நான் பின்னால வாறன்," என்றாள் தங்கேஸ்வரி. வரவில்லை.

தை மாதம் முழுக்க அவள் பஸ்ஸில் தனியே இருந்தாள். பேப்பே விறகு வெட்டிப் படியில் அடுக்கிவிட்டுப் போவார். பகலில் கொட்டிலில் கரட்டும் உருளைக்கிழங்கும் தெரிந்து பிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனையும் மகளையும் நான் காரில் கூட்டிப்போவேன். புருசனோடு அவள் கோபமாக இருக்கவில்லை. கையில் மருந்து கட்டிவிட்டாள், சாப்பாடு போட்டாள். அவன் விறகு உடைத்துக் கொடுத்தான். புதுசாகப் பழகுகிற இரண்டு பேர் மாதிரி மரியாதையாக நடந்துகொண்டார்கள்; பார்க்க அதுதான் கஷ்டமாக இருந்தது.

முதல் ஞாயிறு வதனா தாயை விட்டு அகலவில்லை. இரண்டாம் ஞாயிறு புதுப் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னாள். மூன்றாம் ஞாயிறு, எத்தனை மணிக்குப் போவோம் என்று என்னைக் கேட்டாள். ரிவியில் ஏதோ இருந்தது. மாசி முதல் ஞாயிறு நான் போனபோது சோபாவில் இறுகிக்கொண்டு இருந்தாள்.

"ஐ ஆம் நொற் கோயிங். அங்க குளிர். நான் வீட்டில நிக்கப் போறன்."

அவள் அந்த அபார்ட்மென்றை வீடு என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன். இராஜேஸ்வரியைப் பிள்ளையோடு விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

தங்கேஸ்வரி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். வதனாவுக்குப் பிடித்த மாதிரித் தேங்காய்ப்பூவும் சீனியும் எடுத்து வைத்திருந்தாள். எங்களுக்குப் பின்னால் பார்த்தாள்.

"பிள்ளை எங்க?"

"தடிமன், மூக்கு ஓடுது," என்றான் பாக்கியராசா.

"சச்சி அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ."

அவளுக்கு இன்னொரு பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை. "வரமாட்டன் எண்டவள், தங்கம்."

அவள் தலையாட்டினாள். அவிந்த புட்டைக் குழலிலிருந்து தள்ளி ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி, துணியால் கட்டினாள். அடுப்பில் எரிந்த கட்டைகளை இழுத்து வெளியே பனியில் போட்டாள். கோட்டைப் போட்டாள். உடுப்பு ஒன்றும் எடுக்கவில்லை.

"வாங்கோ போவம்," என்றாள்.

புட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாள். எலிவேற்றர் வேண்டாம் என்று ஐந்து மாடியும் படியால் ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்செடுத்தாள். பாக்கியராசா இரண்டு படி கீழே, விழுந்தால் பிடிக்கிற மாதிரி வந்தான். கதவடியில் அவள் கால் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ரிவிச் சத்தம். பாத்திரத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே காலை வைத்தாள்.

வதனா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "அம்மா! நீங்கள் இஞ்ச இருப்பீங்களோ? இனி எப்பவும்?"

"ஓம்."

பிள்ளை துள்ளினாள். பிறகு எதையோ யோசித்து நின்றாள். "அம்மா, அப்ப அண்ணா? அண்ணா வந்து பஸ்ஸடியில தேடினா? இந்த வீடு அவருக்குத் தெரியாதே."

பாக்கியராசா சுவர்ப் பக்கம் திரும்பினான். தங்கேஸ்வரி பாத்திரத்தை நிலத்தில் வைத்தாள். பிள்ளைக்கு முன்னால் குந்தியிருந்து, அவள் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அண்ணா வரமாட்டார் அம்மா," என்றாள்.

"ஏன்?"

அவள் என்னையும் இராஜேஸ்வரியையும் நிமிர்ந்து பார்த்தாள். திருத்தமாகச் சொன்னாள்.

"நீங்கள் போங்கோ அண்ணை. போகேக்க கதவைச் சாத்திக்கொண்டு போங்கோ."

சாத்தினேன். இரண்டாம் முறைதான் பூட்டு விழுந்தது. நாங்கள் எலிவேற்றருக்காக நின்றோம். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தங்கேஸ்வரியின் குரல், சுகிர்தா, என்ர ராசா, என்று எழும்பியது. அவள் அழுது நான் கேட்டதேயில்லை. அடுத்து, பெரிய மரமொன்று பிளக்கிற மாதிரிப் பாக்கியராசாவின் குரல். கடைசியாகப் பிள்ளையின் குரல். மூன்றும் ஒன்றாகிக் கொரிடோர் முழுக்க நிரம்பியது. எலிவேற்றர் வந்தது. நாங்கள் ஏறவில்லை. அது திரும்பப் போனது.

எதிர்க் கதவு திறந்தது. நைற்றியும் செருப்புமாக, வயதுபோன ஜமெய்க்காப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"யாராவது செத்துப்போனார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓம்," என்றேன். "அவர்களுடைய மகன். எட்டு வயது."

"ஐயோ, என் ஆண்டவரே. எப்போது?"

இராஜேஸ்வரி என் கையைப் பிடித்தாள்.

"இரண்டரை வருசத்துக்கு முன்னம்," என்றேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். கதவைத் திறந்தபடியே விட்டு உள்ளே போய், றேடியோவை நிறுத்தினாள்.